போன்லயே மெடிக்கல் இன்சூரன்ஸ் புதுப்பிக்கலாம்: ஒரு வீட்டுல செய்யறாங்க, பக்கத்து வீட்டுல செய்யறதில்லை, ஏனுங்க?

தறிச்சத்தம் (பல்லடம்)

வணக்கமுங்க. பல்லடம் பக்கத்துல ஒரு விசைத்தறியாளர் சங்கத்துக்காகக் கேக்கறேன். உறுப்பினர்கள் நிறையப் பேர் குடும்பத்துக்குன்னு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்து வெச்சிருக்காங்க. புதுப்பிக்கற தேதி நெருங்கினா கம்பெனியிலிருந்து மெசேஜ் வருது, லிங்க் வருது, வாட்ஸ்அப்லயும் வருது. ஒரே வீதியில ஒரு வீட்டுல இட்லி வேகறதுக்குள்ள போன்லயே முடிச்சர்றாங்க. பக்கத்து வீட்டுல தறியை நிறுத்திப்போட்டுத் திருப்பூர் ஆபீசுக்குப் பஸ் ஏறறாங்க. அதுக்கும் அடுத்த வீட்டுல தேதியே தாண்டிப் போயிருது. மூணு வீட்டுலயும் ஸ்மார்ட்போன் இருக்குதுங்க. மூணு வீட்டுக்காரங்களும் மளிகைக் கடையில ஸ்கேன் பண்ணித்தான் காசு குடுக்கறாங்க. இது மட்டும் ஏன் வீட்டுக்கு வீடு மாறுது?

சங்க ஆபீசுல வாரம் ஒரு நாள் உக்காந்து புதுப்பிக்க ஒத்தாசை பண்ணலாம்னு யோசனை. எதனால ஆளுக போனுக்கு மாறறாங்க, எது தடுக்குதுன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன ஏற்பாடு பண்ணலாம். இதைப்பத்தி ஆராய்ச்சி இருந்தாலும் சொல்லுங்க. பணம் கட்டற இடத்துல என்னென்ன கோளாறு வரும், தேதி தாண்டினா நெசமா என்ன நட்டம்னும் விவரமா வேணுமுங்க.

நொய்யல்கரை

இதற்கு ஆராய்ச்சி நிறைய இருக்கிறது. 1989ல் பிரெட் டேவிஸ் என்பவர் அலுவலகக் கம்ப்யூட்டர்களை வைத்து ஒரு முடிவுக்கு வந்தார்: புதுக் கருவி ஒன்றை ஒருவர் கையில் எடுப்பது, அது தனக்குப் பிரயோஜனப்படும் என்ற எண்ணத்தையும் சிரமமில்லாமல் செய்துவிடலாம் என்ற எண்ணத்தையும் பொறுத்தது. 2003ல் வெங்கடேஷ் என்ற ஆய்வாளரும் இன்னும் மூன்று பேரும் அதை விரித்து நான்காக்கினார்கள். பலன், சிரமம், வேண்டியவர்கள் என்ன சொல்கிறார்கள், கூடமாட உதவ ஆளும் வசதியும் இருக்கிறதா என்று. 2012ல் பழக்கத்தையும் செலவுக்கேற்ற பலனையும் சேர்த்தார்கள். சுகாதாரக் காப்பீட்டை போனில் புதுப்பிப்பது பற்றிப் பேசவும் இந்த அளவுகோல்கள் போதும்.

உங்கள் மூன்று வீட்டையும் முதலில் பழக்கத்தை வைத்துப் பாருங்கள். மளிகைக் கடை ஸ்கேன் தினசரி வேலை. பாலிசி வருஷத்துக்கு ஒரு தடவை. போன வருஷம் எந்தப் பட்டனை அழுத்தினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. அதற்குள் ஆப்பின் முகமே மாறியிருக்கும், பாஸ்வேர்டும் மறந்திருக்கும். ஆக, பத்து வருஷமாகப் பாலிசி வைத்திருப்பவருக்கும் ஒவ்வொரு வருஷமும் அது முதல் தடவைதான். 'ஸ்மார்ட்போன் இருக்கிறதே, அப்புறம் என்ன' என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் கணக்குத் தப்புகிறார்கள்.

அடுத்தது அத்தாட்சி. கடையில் பத்து ரூபாய் அனுப்பினால் கல்லாப் பக்கத்துப் பெட்டி தமிழில் சத்தமாகச் சொல்கிறது, கடைக்காரரும் தலையாட்டுகிறார். பாலிசிக்கு இருபதாயிரம் போகிறது, பதிலுக்கு இங்கிலீஷில் ஒரு மெசேஜ். திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறவர் பணம் கட்டத் தெரியாமல் போவதில்லை. சீல் போட்ட ரசீதுக்காகப் போகிறார். அந்த ரசீதுக்கு ஈடானதை வீட்டிலேயே கையில் கொடுத்தால் அவர் பஸ் ஏற மாட்டார்.

கானா நாட்டில் நடந்தது உங்களுக்கு உதவும். 2003ல் சட்டம் போட்டு அங்கே தேசிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தார்கள். உறுப்பினர்கள் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு மாவட்ட அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. தூரத்துக் கிராமத்திலிருந்து வருபவருக்கு பஸ் காசும் போகும், ஒரு நாள் வேலையும் போகும். 2018 டிசம்பரில் போன் வழிப் புதுப்பிப்பைத் தொடங்கினார்கள். ஸ்டார் 929 ஹாஷ் அழுத்தி, உறுப்பினர் எண்ணைக் கொடுத்து, மொபைல் மணி கணக்கிலிருந்து கட்டிவிடலாம். பட்டன் போனே போதும், இன்டர்நெட் வேண்டாம், புதுக் கார்டும் வேண்டாம், காலக்கெடு மட்டும் கணினியில் மாறும். கவனிக்க வேண்டியது, அவர்கள் புதுப் பழக்கம் எதையும் கேட்கவில்லை. மொபைல் மணி ஏற்கெனவே கையில் இருந்தது. அதன் மேல் ஒரு படி மட்டும் ஏற்றி வைத்தார்கள்.

நம் பக்கம் மொபைல் மணி இருந்த இடத்தில் யுபிஐ இருக்கிறது. பலனும் கண்ணெதிரே தெரிகிறது: தறிக்கூலி மீட்டர் கணக்கு, தறி நின்றால் மீட்டர் ஓடாது. குறைவது, செய்து முடித்தேன் என்ற திடம்.

ஏஜென்ட் விஷயத்தையும் விட்டுவிடக் கூடாது. இந்தப் பக்கம் ஏஜென்ட் என்பவர் பெரும்பாலும் மாமன், மச்சான், பங்காளி, இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டுக்காரர். போனில் கட்டினால் அவருக்குக் கமிஷன் போய்விடுமோ, நாளைக்கு ஆஸ்பத்திரியில் படுத்தால் வந்து நிற்பாரோ என்ற தயக்கம் இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கம்பெனியின் சொந்த ஆப்பிலோ தளத்திலோ அதே பாலிசி எண்ணுக்குக் கட்டினால் பாலிசியோடு இருக்கும் ஏஜென்ட் கோடு பொதுவாக அப்படியே தொடரும். பாலிசியை வேறு இடைத்தரகர் வழியாக மாற்றினால்தான் அது மாறும். ஏஜென்டுகளைக் கூப்பிட்டு இதை முதலிலேயே பேசிவிடுங்கள். அவர்களே 'போன்ல கட்டிருங்க மாப்ள' என்று சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சென்னிமலை

தேதி தாண்டினா என்ன நட்டம்கற கேள்விக்கு வர்றேனுங்க. இது தெரியாமத்தான் பலரும் 'பத்து நாள் கழிச்சுக் கட்டிக்கலாம்'னு விட்டர்றாங்க.

வருஷத்துக்கு ஒரே தடவை கட்டற பாலிசிக்கு முடிஞ்ச தேதியிலிருந்து 30 நாள் சலுகைக் காலம் உண்டு. மாசா மாசம் கட்டறதுக்கு 15 நாள். அந்த 30 நாளுக்குள்ள கட்டிட்டா பழைய காத்திருப்புக் காலக் கணக்கும் (சில வியாதிகளுக்கு இத்தனை மாசம் கழிச்சுத்தான் கிளெய்ம்கற கணக்கு), கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்குச் சேர்ந்த போனஸும் அறுபடாது. ஆனா முடிஞ்ச தேதிக்கும் பணம் கட்டின தேதிக்கும் நடுவுல ஆஸ்பத்திரியில சேந்தா அந்தச் செலவு கிடைக்காது. 1938ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்துல 64விபி பிரிவு இருக்குது: பிரீமியம் கைக்கு வராம கம்பெனி பொறுப்பு ஏத்துக்க முடியாது. தவணையில கட்டற பாலிசிக்கு மட்டும் சலுகைக் காலத்துலயும் பாதுகாப்பு தொடரும்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளை மேற்பார்க்கற ஐஆர்டிஏஐ ஆணையம் வெச்சிருக்குது. ரெண்டையும் குழப்பிக்கிட்டு, முழு வருஷப் பாலிசிக்காரர் 'முப்பது நாள் டைம் இருக்குது'ன்னு நிம்மதியா இருந்தா ஆபத்துங்க.

30 நாளும் தாண்டினா பாலிசி செத்துப் போச்சு. புதுசாத்தான் எடுக்கணும். மொதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறெதுக்கும் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கற சர்க்கரை, பிரஷருக்கு 36 மாசம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாத்தறது மாதிரி பட்டியல் போட்ட வியாதிகளுக்கும் தனியாக் காத்திருப்பு உண்டு. அஞ்சு வருஷம் விடாம இருந்த பாலிசின்னா, மோசடின்னு நிரூபிச்சாத் தவிர, 'நீங்க முன்னாடியே வியாதியைச் சொல்லலை'ன்னு கிளெய்மை மறுக்க முடியாது. அந்த அஞ்சு வருஷமும் மறுபடி மொதல்ல இருந்து எண்ணணும். அம்பது வயசைத் தாண்டினவங்களுக்கு இது பெரிய அடி. உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்க, தேதி தாண்டற வீடு தானாக் குறையும்.

முன்கூட்டியே கட்டினா நாள் நட்டம்னு ஒரு நெனப்பும் இருக்குது. அது தப்புங்க. பெரும்பாலான கம்பெனிகள் ஒரு மாசம் முன்னாடியே புதுப்பிக்கற பக்கத்தைத் திறந்து விடறாங்க. இன்னிக்குக் கட்டினாலும் புது வருஷம், பழசு முடியற ராத்திரிக்கு அப்பறம்தான் தொடங்கும். பாவு இறக்கிக் கூலி கைக்கு வந்த வாரத்துலயே கட்டிரலாம்.

போன்ல செய்யற முறை இதுதானுங்க. கம்பெனி ஆப்போ தளமோ திறந்து 'புதுப்பித்தல்' பகுதிக்குப் போனா பாலிசி எண்ணும் பிறந்த தேதியும், இல்லீன்னா பதிவு செஞ்ச மொபைல் எண்ணும் கேக்கும். ஓடிபி வந்ததும் பாலிசி விவரம் தெரியும். அங்கயே நிறுத்தி நிதானமாப் பாக்கணும். காப்பீட்டுத் தொகை போன வருஷத்துதானா, சேர்ந்த போனஸ் இருக்குதா, வீட்டு ஆளுக எல்லார் பேரும் இருக்குதா. வயசு ஒரு கட்டம் தாண்டினா பிரீமியம் ஏறும், அது சகஜம். 60 தாண்டினவங்களுக்கு ஒரே வருஷத்துல 10 சதவீதத்துக்கு மேல ஏத்தறதுன்னா கம்பெனி முன்கூட்டியே ஐஆர்டிஏஐகிட்டக் கேக்கணும்னு 2025 ஜனவரியில உத்தரவு போட்டிருக்காங்க. கூடுதல் சலுகைன்னு சில கட்டங்கள்ல டிக் தானாவே விழுந்திருக்கும். வேண்டாததை எடுத்துருங்க. 'கிளெய்ம்ல இத்தனை சதவீதம் நானே குடுத்துக்கறேன்'கற டிக்கை மட்டும் ரெண்டு தடவை பாருங்க. அது பிரீமியத்தைக் குறைக்கும், ஆஸ்பத்திரி பில்லுல கையைக் கடிக்கும்.

2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர், குடும்ப மெடிக்கல் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்னாடி 18 சதவீதம் இருந்துச்சு. இன்னிக்கும் இந்தப் பாலிசிக்கு ஜிஎஸ்டின்னு தனியா வரி போட்டு எவனாச்சும் லிங்க் அனுப்பினா அங்கயே சந்தேகப்படணும். குரூப் பாலிசிக்கு மட்டும் வரி உண்டு.

அதே தொகைக்கு, அதே ஆளுகளுக்கு அப்படியே புதுப்பிக்கறதுக்குத்தான் போன் லாயக்கு. தொகையைக் கூட்டறது, புது மருமகளைச் சேக்கறதுன்னா கம்பெனி மறுபடி ஆரோக்கிய விவரம் கேக்கலாம், நாள் ஆகும். அப்படி இருந்தா கடைசி வாரத்துக்கு வெச்சுக்காதீங்க. போன வருஷம் கிளெய்ம் வாங்கினதைக் காட்டிப் புதுப்பிக்க மாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இல்லை.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

பணம் கட்டற இடத்துக் கோளாறை நான் சொல்றேன். பாதிப் பேர் இங்கதான் நின்னு போறாங்க. ஒரு தடவை நின்னவங்க அடுத்த வருஷம் போனைத் தொடவே மாட்டாங்க.

அதிகமா வர்றது புதுப் போன் பிரச்சனை. புதுசா யுபிஐ தொடங்கினா, இல்லே போனை மாத்தினா, மொத 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல போகாது. சில போன்ல இன்னும் அதிக நேரம் ஆகும். ஒத்தாசை பண்ற நாள்ல உக்கார வெச்சு யுபிஐ ஏத்திக் குடுத்து, அங்கயே 18,000 கட்டப் பாத்தா கண்டிப்பாத் தோக்கும். ஆளும் 'இது சரிப்படாது'ன்னு எந்திரிச்சுப் போயிருவாரு. யுபிஐ ஏத்தற நாள் வேற, பிரீமியம் கட்டற நாள் வேறன்னு வையுங்க.

அடுத்தது சிம். யுபிஐ ஏத்தும்போது போன் அதுவாவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அது பேங்க்ல பதிவான சிம்முல இருந்துதான் போகணும். ரெண்டு சிம் போட்டவங்க தப்பான சிம்மைத் தொட்டுட்டா நடக்காது. ரீசார்ஜ் முடிஞ்சு கிடக்கற சிம்முல இன்கமிங் மட்டும் வரும், எஸ்எம்எஸ் வெளிய போகாது. 'சர்வர் பிரச்சனை'ன்னு ஆளுக நெனச்சுக்கறது பல சமயம் இதுதானுங்க. ஏடிஎம் கார்டு இல்லாத அம்மிணிகளுக்கு ஆதார் ஓடிபி வெச்சும் யுபிஐ பின் போடலாம். ஆனா ஆதார்ல இருக்கற நம்பரும் பேங்க்ல இருக்கற நம்பரும் ஒண்ணா இருக்கணும்.

தொகை வரம்பு இப்பப் பெரிய தடை இல்லை. 2025 செப்டம்பர் 15ல இருந்து இன்சூரன்ஸுக்கு ஒரு தடவைக்கு 5 லட்சம் வரைக்கும் யுபிஐல கட்டலாம்னு, யுபிஐயை நடத்தற என்பிசிஐ ஏத்தியிருக்குது. உங்க பேங்க் தனியாக் குறைச்சு வெச்சிருந்தா அதுதான் செல்லும். பட்டன் போன்காரங்களுக்கு யுபிஐ 123பே இருக்குது, ஆனா ஒரு தடவைக்கு 10,000 தான். குடும்ப பாலிசிக்கு அது பத்தாது. மகனோ மகளோ அவங்க கணக்குல இருந்து கட்டறதுதான் வழி.

காசு போயிருச்சு, பாலிசி வரலைன்னா பயந்துக்க வேண்டாமுங்க. யுபிஐ ஆப்ல அந்தக் கட்டணத்தைத் திறந்தா 12 இலக்க எண் ஒண்ணு இருக்கும். அதையும் தேதி, நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க. கடைக்கோ கம்பெனிக்கோ கட்டினது அவங்களுக்குச் சேரலைன்னா, கட்டின நாளுக்கு அப்பறம் 5 நாளுக்குள்ள பேங்க் தானாத் திருப்பிப் போடணும். தாண்டினா ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் நஷ்டஈடு. 2019ல ரிசர்வ் வங்கி போட்ட விதி. தேதி முடிய இன்னும் பத்து நாள் இருந்தாப் பொறுத்திருந்து பாக்கலாம். அன்னிக்கே கடைசி நாள்னா, கம்பெனிகிட்டக் கேட்டு வரலைன்னு உறுதியானதும் மறுபடி கட்டிருங்க. சென்னிமலை சொன்ன 64விபி பிரிவுப்படி பணம் அவங்க கைக்குப் போனாத்தான் பாதுகாப்பு. ரெண்டு தடவை போயிருந்தா கேட்டு வாங்கிக்கலாம், விட்டுப்போன பாலிசியைக் கேட்டு வாங்க முடியாது.

ஏஜென்ட் கையில ரொக்கமாக் குடுத்து அவரு தன் யுபிஐல கட்டற பழக்கம் நம்ம பக்கம் சாஸ்தி. ரீஃபண்டுன்னு வந்தா பணம் எந்தக் கணக்குல இருந்து வந்துச்சோ அங்கதான் போகும். பழைய வரி முறையில ரிட்டன் போடறவங்களுக்கு இன்னொரு நட்டமும் உண்டு: மெடிக்கல் பிரீமியத்துக்குன்னு இருக்கற வருமான வரிக் கழிவு, ரொக்கமாக் குடுத்தாக் கிடைக்காது. தனக்கும் குடும்பத்துக்கும் 25,000, வயசான அப்பா அம்மாவுக்குக் கட்டினா 50,000 வரைக்கும் போகற கழிவுங்க. கம்பெனி லிங்க்லயே சொந்தக் கணக்குல இருந்து கட்டறதுதான் சுத்தம்.

தறிச்சத்தம் (பல்லடம்)

ரொம்ப நன்றிங்க. மூணு சந்தேகம் மிச்சம் இருக்குது. கணக்குல இருந்து பிரீமியம் தானாப் போகற மாதிரி ஆட்டோபே போட்டு விட்டுட்டா வருஷா வருஷம் இந்த ரோதனையே இல்லாமப் போகுமில்லீங்களா? ரெண்டாவது, பலர் பாலிசியில ஏஜென்ட் நம்பர்தான் இருக்குது, ஓடிபி அங்க போகுது. கடைசியா, கலெக்டர் ஆபீஸ்ல எடுத்த முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டைப் 'புதுப்பிக்கணும், 350 கட்டு'ன்னு மெசேஜ் வருதாம், அது நெசமா?

காளிங்கராயன்

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: அந்த மெசேஜ் பொய்யுங்க, கட்ட வேண்டாம்னு உடனே எல்லாருக்கும் சொல்லுங்க. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பயனாளி ஒரு ரூபாய் கூடப் பிரீமியம் கட்டறதில்லை, அரசு கட்டுது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கறவங்களுக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். சந்தேகம் இருந்தா 1800 425 3993க்குக் கூப்பிட்டுக் கேக்கலாம், கட்டணம் இல்லை. பனியன் கம்பெனியில இஎஸ்ஐ பிடிக்கறவங்களுக்கும் புதுப்பிப்பு கிடையாது. 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்க கூலியில முக்கால் சதவீதமும், முதலாளி பங்கு மூணேகால் சதவீதமும் போயிட்டு இருந்தாச் சரி.

ஆளுக போனுக்கு மாறாததுக்குப் பயமும் ஒரு காரணம், அந்தப் பயம் நியாயமானது. 'பயப்படாதீங்க'ன்னு சொல்றதை விட, எதைப் பாத்துப் பிரிக்கறதுன்னு கத்துக்குடுத்தாத்தான் பயம் போகும். கம்பெனி மெசேஜ் பத்து இலக்க மொபைல் நம்பர்ல இருந்து எஸ்எம்எஸ்ஸா வராது. எழுத்துல பேர் இருக்கும், கடைசியில ஒரு கோடு போட்டு 'எஸ்' இல்லே 'டி'ன்னு ஆங்கில எழுத்து இருக்கும். 'பி'ன்னு முடிஞ்சா விளம்பரம், 'ஜி'ன்னா அரசாங்கம். சேவைக்காகக் கூப்பிட பேங்க், இன்சூரன்ஸ் மாதிரி நிறுவனங்களுக்கு 1600ல தொடங்கற நம்பர் குடுத்திருக்காங்க. 140ல தொடங்கினா விற்பனை அழைப்பு. மெசேஜ்ல வந்த லிங்க்கை அழுத்தாம, பாலிசித் தாள்ல அச்சடிச்சிருக்கற தள முகவரியை நாமளே அடிச்சுப் போறது எப்பவும் நல்லது. பின் நம்பர் போடறதுக்கு முன்னாடி திரையில கம்பெனி பேர் வருதா, யாரோ தனி ஆள் பேர் வருதான்னு பாக்கணும். தனி ஆள் பேர் வந்தா அங்கயே நிறுத்திரணும். 'போனஸ் வந்திருக்கு, வாங்கறதுக்குப் பின் போடுங்க'ன்னா திருட்டு. பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. ஏமாந்துட்டா அந்த நிமிஷமே சைபர் குற்றப் புகார் எண் 1930க்குக் கூப்பிடணும். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுக்க வாய்ப்பு அதிகம்.

நம்பர் விஷயம். இதைச் சரி பண்ணாம நீங்க வேற எதைச் செஞ்சாலும் நிக்காதுங்க. ஏஜென்ட் நம்பர் இருந்தா ஞாபக மெசேஜும் அவருக்கு, ஓடிபியும் அவருக்கு, புதுப் பாலிசியும் அவருக்கு. பாலிசிக்காரருக்குத் தேதி தெரியவே வழியில்லை. அவரு மெத்தனமா இருக்காருன்னு நாம நெனச்சுக்கறோம். மாத்தறதுக்குப் பாலிசி நகல், ஆதார், பாலிசிக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு கடுதாசி வெச்சுக் கிளை ஆபீஸ்லயோ கம்பெனி மின்னஞ்சல்லயோ கேக்கணும். சில கம்பெனிகள் கஸ்டமர் கேர்லயே மாத்தித் தருவாங்க. சில நாள் ஆகும்கறதால புதுப்பிக்கற மாசத்துக்கு முந்தின மாசமே செய்யணும். அப்பவே பேரையும் பாருங்க. பாலிசியில 'கே. பழனிச்சாமி', ஆதார்ல 'பழனிச்சாமி குப்புசாமி'ன்னு இருந்தா, ஆள் யாருன்னு சரிபாக்கற கேஒய்சி கேக்கும்போது நிக்கும். இனிஷியலை விரிச்சு எழுதறது நம்ம ஊர்ல ஆளுக்கு ஒரு மாதிரி.

கம்பெனி பதில் சொல்லலைன்னா ஐஆர்டிஏஐயோட பீமா பரோசாங்கற புகார் தளத்துல புகார் போடலாம், போன்ல 155255. அதுக்கும் மேல சென்னையில இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்காரு. கம்பெனிக்கு எழுதி ஒரு மாசம் ஆகியும் பதில் இல்லே, பதில் திருப்தி இல்லேன்னா அங்க போகலாம். 50 லட்சம் வரைக்கும் உள்ள விவகாரம் எடுத்துக்குவாரு, கட்டணமும் வக்கீலும் வேண்டாம்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

ஆட்டோபே போடுங்கன்னுதான் சொல்லுவேன். இன்சூரன்ஸுக்கு 1 லட்சம் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஓடிபி இல்லாமயே எடுக்கலாம்னு 2023 டிசம்பர்லயே ரிசர்வ் வங்கி வரம்பை ஏத்திருச்சு. எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரும், வேண்டாம்னா நிறுத்திக்கலாம். நொய்யல்கரை சொன்ன பழக்கப் பிரச்சனையே இதுல இல்லை. மறந்தாலும் நடக்கும்.

சென்னிமலை

மாசச் சம்பளக்காரங்களுக்கு அது சரிங்க. வாரக்கூலி வீட்டுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். சனிக்கிழமை வந்த பணம் செவ்வாய்க்கிழமைக்குள்ள நூல், வாடகை, மளிகைன்னு போயிருது. வருஷப் பிரீமியம் எடுக்க வர்ற அன்னிக்குக் கணக்குல இருபதாயிரம் இருக்கும்னு சொல்ல முடியாது. எடுக்க முடியலைன்னா பேங்க் அதுக்கும் கட்டணம் பிடிக்கலாம். அதைவிட மோசம், 'ஆட்டோபே போட்டிருக்குது, போயிருக்கும்'னு ஆள் நிம்மதியா இருப்பாரு, பாலிசி செத்துக் கிடக்கும். 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் ஆயுள் காப்பீடுன்னு ரெண்டு பிரதம மந்திரி திட்டம் இருக்குதில்லீங்களா, மே கடைசியில கணக்குல காசு இல்லாம அதுவே விட்டுப் போகுது. வயசு ஏறி பிரீமியம் ஆட்டோபே உச்ச வரம்பைத் தாண்டினாலும் எடுக்காது. ஆட்டோபே போடறவங்க வரம்பை இப்ப இருக்கற பிரீமியத்தை விட நல்லாக் கூட்டி வெக்கணும், எடுத்த அன்னிக்குப் பாலிசி வந்துச்சான்னும் பாக்கணும்.

கூலித்தறி வீட்டுக்கு நல்ல வழி, அதே பேங்க்ல மாசாமாசம் ரெக்கரிங் டெபாசிட் போட்டு, புதுப்பிக்கற மாசத்துக்கு முந்தின மாசம் முடியற மாதிரி வெக்கறது. 21,600 பிரீமியம்னா மாசம் 1,800. மாசத் தவணைப் பாலிசியும் உண்டுதான், ஆனா பன்னெண்டு தடவை கட்டணும், ஒவ்வொண்ணுக்கும் 15 நாள்தான் சலுகை. சில கம்பெனிகள் அதுக்குக் கொஞ்சம் கூடுதலாவும் வாங்கறாங்க.

சங்கத்துல செய்யறதுக்கு ஒரு நோட்டு போதுமுங்க. பேர், கம்பெனி, பாலிசி எண், முடியற தேதி, பதிவான மொபைல் யாரோடது. முடியற தேதி வரிசையில எழுதுங்க, பேர் வரிசையில வேண்டாம். 60 நாள் முன்னாடி ஒரு தடவை கூப்பிட்டு நம்பர், பேர் சரியான்னு பாக்கணும். கம்பெனி மாத்திக்க நெனக்கறவங்க 45 நாளுக்கு முன்னாடியே விண்ணப்பிக்கணும்கறதால அதுவும் அப்பவே தெரிஞ்சிரும். முப்பது நாள் இருக்கும்போது யுபிஐ ஏத்தறது. கட்டறது அடுத்த வாரம். கடைசி ஒரு வாரம் கோளாறுக்குன்னு ஒதுக்கி வையுங்க.

உதவி பண்றவங்க போனை வாங்கித் தாங்களே தட்டக் கூடாது. பாலிசிக்காரரே தட்டட்டும், பக்கத்துல உக்காந்து தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க. ஓடிபியையும் பின்னையும் சத்தமாச் சொல்ல விடாதீங்க, சங்கத்து ஆளும் பாக்க வேண்டாம். வீட்டுக்கு ஒருத்தர்னு படிக்கற பிள்ளையையும் கூட்டிவரச் சொன்னா அடுத்த வருஷம் அவங்களே பாத்துக்குவாங்க. காசு கட்டி முடிஞ்சதும் எந்திரிக்க விடாதீங்க. பாலிசி பிடிஎஃப் வந்து, திறந்து, புது முடிவுத் தேதியைப் பாலிசிக்காரர் கண்ணாலப் பாக்கணும். சிலதுக்குப் பாஸ்வேர்டு கேக்கும், பெரும்பாலும் பிறந்த தேதிதான், மெசேஜ்லயே சொல்லியிருப்பாங்க. மொதல் பக்கத்தை ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டுக் கையில குடுங்க. நொய்யல்கரை சொன்ன ரசீதுக்கு ஈடு அதுதானுங்க, செலவு அஞ்சு ரூபாய்க்குள்ள.

ஞாயித்துக்கிழமை வெச்சா ஆளுக வருவாங்க. கம்பெனி கிளையும் பேங்க்கும் மூடியிருக்கும், ஏதாச்சும் நின்னாக் கேக்க ஆள் இருக்காது. நம்பர் பாக்கறது, யுபிஐ ஏத்தறதெல்லாம் ஞாயித்துக்கிழமை வையுங்க. பணம் கட்டறதை மட்டும் கூலி வந்த மறு வேலைநாள், திங்கக்கிழமை காலையில ஷிப்ட் மாறற நேரத்துக்கு வெச்சுக்கோங்க.